கணிப்பொறிக்கு ஒரு நெல் மில்

தஞ்சைத் தரணியில் விளையும் நெல்லை அப்படியே உலையில் இட்டால் சோறாகுமா? மில்லில் அரைத்து அரிசியாக்க வேண்டும் அல்லவா? நாம் 'சி' மொழியில் எழுதும் நிரலும் நெல் போன்றதே. அதைக் கணிப்பொறி ஏற்கும் எண்களாக மாற்றித் தரும் மில்லே கம்பைலர்.

ரிச்சர்டு ஸ்டால்மன் 1987-இல் வெளியிட்ட 'ஜி.சி.சி.' என்னும் இலவசக் கம்பைலரை எங்கள் பள்ளிக் கணிப்பொறியில் நிறுவினோம். நிறுவினால் மட்டும் போதாது. மில்லின் விலாசத்தைப் 'பாத்' என்னும் பட்டியலில் சேர்க்க வேண்டும். இல்லையேல், "இக்கட்டளை தெரியாது" என்று கணிப்பொறி ஆங்கிலத்தில் கைவிரித்துவிடும். புதிதாய்க் கற்போர் பலர் "இது நமக்கு வராது" என்று எழுந்து போவது இந்த இடத்தில்தான். வேண்டியதோ ஒரே ஒரு வரி! அதைச் சேர்த்து, கட்டளைத் திரையை மூடித் திறந்தோம். எங்கள் முதல் நிரல் ஓடியது.

1952-இல் முதல் கம்பைலர்களுள் ஒன்றை ஆக்கியவர் கிரேஸ் ஹாப்பர் என்னும் பெண்மணி. அன்று பலர் அதை நம்பவில்லை. அவரோ எழுந்து போகவில்லை. ஆங்கிலம்தான் தடையா? 'பதிப்பி' என்று தமிழிலேயே கட்டளையிட முத்து அண்ணாமலை 'எழில்' என்னும் மொழியை ஆக்கித் தந்துள்ளார். ஆகவே அஞ்சாதீர், தோழியரே! நாற்று நடும் கைகளுக்கு நிரலும் வரும்.