இரண்டு கார்புரேட்டர்

1989. சென்னையில் ஒரு பட்டறை. பழைய எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று எஞ்சின் செத்து வந்தது. அம்பாசடர் எஞ்சினை ஏத்தினோம். அதுவும் 1489 சி.சி., அதே பி சீரிஸ் வம்சம். (எஞ்சினுக்கும் வம்சம் உண்டு பாருங்கள்.) எம்.ஜி.யின் இரண்டு எஸ்.யு. கார்புரேட்டரையும் நான்தான் மாட்டினேன்.

நடுராடு கிளாம்பைத் தளர்த்திக்கணும். ரப்பர் குழாயின் ஒரு முனை காதில், மறுமுனை கார்புரேட்டர் வாயில். இரண்டிலும் 'உஸ்' சத்தம் ஒண்ணா வரணும். அப்புறம் பிஸ்டனைக் கால் நூல் தூக்கிப் பார்க்கணும். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் தடுமாறினால் கம்மி. லேசா ஏறி அடங்கினால் சரி. கம்மின்னா ஜெட் நட்டை இறக்கணும். பறையைத் தீயில் காட்டித் தட்டித் தட்டிக் கேட்கிற அப்பாவோட காதுதான் எனக்கும்.

"யாருய்யா டியூன் பண்ணது?" என்றார் கார்க்காரர். மேஸ்திரி என்னைக் காட்டினார்.

"எந்த ஊரு தம்பி?" சொன்னேன்.

"ஊர்ல எந்தத் தெரு?" அதையும் சொன்னேன்.

நீட்டின கையை இழுத்துக்கிட்டு, ரூபாயை பானெட் மேல வச்சார். நான் எடுக்கவில்லை.

இரண்டு மாசத்தில் வண்டி திணறிக்கொண்டு வந்தது. "அந்தப் பையனையே பார்க்கச் சொல்லு" என்றாராம்.

"அவரையே வந்து என் கையில சாவி குடுக்கச் சொல்லுங்கண்ணே" என்றேன்.

வண்டி நாலு நாள் அங்கேயே நின்றது.