பதிலி நுழையும் வாசல்

தமிழ்த்துறையினருக்கு ஜாவாவில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கல்லூரி நூலகத்தில் தவணை கடந்த நூல்களுக்காகப் பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் நிரலொன்றைக் கணினித்துறை இளைஞர்கள் எழுதினார்கள். செய்தியின் தமிழ் வாசகம் எங்கள் பொறுப்பு. வாசகத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் அந்நிரலைச் சோதிப்பதில் எழுந்த சிக்கல் எங்களை விடவில்லை.

தாமதக் கட்டணத்தைக் கணக்கிடும் மெத்தட், செய்தி அனுப்பும் ஆப்ஜெக்டையும் தன் வயிற்றுக்குள்ளேயே 'நியூ' என்று சொல்லிப் படைத்துக்கொள்கிறது. கட்டணம் சரியா என்று பார்க்க யூனிட் டெஸ்ட்டை ஓட்டினால், அதுவும் கூடவே பிறந்து நிஜமான செய்தியை நிஜமான கைப்பேசிக்கு அனுப்பிவிடுகிறது. சோதனைக்கென்று மாணவர் பட்டியலிலிருந்து ஒரு வரியை எடுத்திருந்தார்கள். நூலே எடுக்காத பெண்ணின் தந்தை, ஒரு நாள் கூலியை இழந்து, அபராதத் தொகையோடு பேருந்தேறி வந்து நின்றார். 'சோதனைத் தரவு' என்பதை அவரிடம் எந்தத் தமிழில் விளக்குவது?

நிஜத்துக்குப் பதிலாகச் சோதனையில் நிறுத்தப்படுவதை 'மாக் ஆப்ஜெக்ட்' என்கிறார்கள். டிம் மக்கின்னன், ஸ்டீவ் ஃப்ரீமன், ஃபிலிப் கிரெய்க் ஆகியோர் 2000-இல் எழுதிய கட்டுரைவழிப் பரவிய பெயர். 2007-இல் ஜெரார்ட் மெஸ்ஸாரோஸ் இவ்வகை அனைத்துக்கும் 'டெஸ்ட் டபுள்' என்று பொதுப்பெயர் தந்தார். சண்டைக் காட்சியில் நாயகனுக்காக விழுந்தெழும் டூப்தான் அதன் மூலம். எங்களுக்கோ கம்பனின் மாயாசனகன் நினைவுக்கு வந்தான். சனகன் உருவெடுத்த மருத்தனைச் சீதைமுன் கொண்டுவந்து நிறுத்த ஒரு வாசலாவது இருந்தது. வேண்டியதைத் தானே உள்ளே படைத்துக்கொள்ளும் மெத்தட்டில் பதிலி நுழைய வாசலே இல்லை.

சுவரைத் துளைக்கலாம். முன்பு பவர்மாக் அதைச் செய்தது. 2020-இல் வந்த மாக்கிட்டோ 3.5 முதல் 'மாக்கன்ஸ்ட்ரக்‌ஷன்' இருக்கிறது. குறித்த எல்லைக்குள், அதே த்ரெட்டில், அந்த கிளாஸின் பெயரால் எத்தனை முறை 'நியூ' என்றாலும் பிறப்பது பதிலிதான். எல்லை முடிந்ததும் நிஜம் திரும்பிவிடும். நல்ல வித்தை. கைவைக்கக் கூடாத பழைய நிரலுக்கு வேறு கதியுமில்லை. ஆனால் நாளை ஒருவர் உள்ளே வேறொரு கிளாஸைக் கொண்டு செய்தி அனுப்பத் தொடங்கினால், இந்தக் காவல் அவரை அறியாது. செய்தி மறுபடி கிளம்பிவிடும்.

ஆகவே, செய்தி அனுப்பும் ஆப்ஜெக்டைக் கன்ஸ்ட்ரக்டர் வழியாக வெளியிலிருந்து கொடுக்கச் சொன்னோம். நூலகத்தில் நிஜம், சோதனையில் பதிலி. "சோதனைக்காக நிரலையே திருத்துவதா ஐயா?" என்று தயங்கினார்கள். கணக்கிடுவதும் அனுப்புவதும் ஒரே இடத்தில் பிணைந்து கிடந்ததே குறை என்பதும், சோதனை அதைக் காட்டிக்கொடுத்தது அவ்வளவே என்பதும் எங்கள் கட்சி. (இலக்கணக்காரர்கள் வாதத்தை எளிதில் விடுவதில்லை.) மாற்றம் சில வரிகளில் முடிந்தது. எந்த எண்ணுக்கு எந்த வாசகம் போயிற்று என்று இப்போது பதிலியிடமே கேட்டுக்கொள்கிறோம்.

தமிழ் எழுத்துகள் கைப்பேசியில் வெறும் கட்டங்களாகத் தெரியுமா என்பதைப் பதிலி சொல்லாது. அதற்கு மட்டும், எங்கள் துறைத்தலைவரின் பழைய கைப்பேசிக்கு, அவர் அனுமதியோடு, ஒருமுறை நிஜமாகவே அனுப்பிப் பார்த்தோம்.