அண்ணனின் கால்விரலும் ஒரு கிருமியும்

உள்ளங்காலில்தான் தொடங்கியது. நடந்தால் குடைச்சல், நின்றால் அடங்கும். கடையநல்லூர் கடைத்தெருவைக் கடப்பதற்குள் அண்ணன் ஏதாவது ஒரு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். வாதம் என்று எண்ணெய் தடவினோம். கெண்டைக்காலில் ஒரு நரம்பு சிவந்து தடிக்கும், சில நாளில் அடங்கும், பிறகு வேறொரு இடத்தில் கிளம்பும். கடைசியில் ராத்திரி வலி வந்தது. படுத்தால் கால் எரியும் என்று, கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டபடியே தூங்கினார். பெருவிரல் நுனி கறுத்த பிறகுதான் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம்.

சர்க்கரை இல்லை. கொழுப்பு அளவாகத்தான் இருந்தது. வயதோ நாற்பதைத் தொடவில்லை. ஆனால் கணுக்காலில் நாடி கிடைக்கவில்லை. ஆஞ்சியோகிராம் படத்தில் முழங்காலுக்குக் கீழே பெரிய குழாய்கள் அறுந்து நின்றன. அவற்றைச் சுற்றி, உடம்பு தானாக வளர்த்துக்கொண்ட மெல்லிய குழாய்கள் திருகுச் சுருளாக ஓடின. அறுவை மருத்துவர் படத்தைப் பார்த்ததும் அண்ணனின் சட்டைப் பையைப் பார்த்தார். பீடிக்கட்டு இருந்தது.

"இது பர்ஜர் நோய். பீடியை இன்னைக்கே விட்டா கால் இருக்கும். ஒண்ணு ரெண்டு குடிச்சாக்கூடப் போயிரும்" என்றார்.

அவர் சொன்னதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக் தொடர்ந்து கவனித்த நோயாளிகளில், புகையை விட்டவர்களில் 100க்கு 94 பேர் உறுப்பை வெட்டாமல் தப்பினார்கள். விடாதவர்களில் 100க்கு 43 பேர் விரலையோ காலையோ இழந்தார்கள். இந்த நோய்க்கு இவ்வளவு தெளிவான பலன் தரும் மருந்து வேறு எதுவும் இல்லை. நிகோட்டின் உள்ள பட்டையும் சூயிங்கமும்கூட வேண்டாம் என்றார் மருத்துவர்.

ஆனால் எங்கள் தெருவில் பீடி குடிக்காத ஆண்களைத் தேடத்தான் வேண்டும். அம்மா சுளகை மடியில் வைத்து இலை வெட்டிச் சுற்றிய பீடியில்தான் நாங்கள் படித்தோம். அப்பா கடைசிவரை குடித்தார், கால் போகவில்லை. பக்கத்து வீட்டு மாமா இன்றும் குடிக்கிறார், வயலுக்கு நடந்து போகிறார். அத்தனை பேரில் ஏன் அண்ணனின் கால் மட்டும்? புகையிலை இல்லாமல் இந்த நோய் வருவது மிக அரிது. பீடி மட்டுமே காரணம் என்றால் எங்கள் ஊரில் பாதிப் பேர் நொண்டியிருக்க வேண்டும். இடையில் இன்னொன்று இருக்கிறது. அதைத் தேடிப் போனேன்.

நோய்க்குப் பெயர் தந்தவர் லியோ பர்ஜர். வியன்னாவில் பிறந்து நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் பணியாற்றியவர். வெட்டி எடுக்கப்பட்ட 11 கால்களின் ரத்தக்குழாய்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1908ல் அவர் எழுதிய கட்டுரைதான் இந்த நோயைத் தனி நோயாக நிறுவியது. அதற்கு முன் 1879லேயே, அறுவை மருத்துவர் பில்ரோத்தின் உதவியாளர் ஃபெலிக்ஸ் ஃபான் வினிவார்ட்டர் இப்படி ஒரு காலை விவரித்திருக்கிறார். பர்ஜர் பார்த்தது வயதானவர்களின் குழாய்களில் படியும் கொழுப்பு அல்ல. அணுக்கள் மொய்த்த, அழற்சி கொண்ட ரத்தக்கட்டி. அதனால் அவர் ஒரு தொற்றின் மேல்தான் சந்தேகம் வைத்திருந்தார். புகையிலையைப் பற்றிய எச்சரிக்கை பிற்பாடு வலுத்தபோது அந்தச் சந்தேகம் பின்னுக்குப் போய்விட்டது. மருத்துவத்தில் ஒரு காரணம் உறுதியானதும் மற்றொன்றைத் தேடும் கை ஓய்ந்துவிடுகிறது. அதற்கு விலை கொடுப்பவர்கள் நோயாளிகள்.

கிருமி என்ற சொல் எனக்கு மறுபடி கேட்டது பல் மருத்துவரிடம். அறுவைக்கு முன் வாயைப் பார்த்துவிடலாம் என்று அனுப்பியிருந்தார்கள். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே விட்டு அளந்தார் அந்த அம்மா. கம்பி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. "புகை பிடிக்கிறவங்களுக்கு ஈறுல ரத்தம் அவ்வளவா வராது, அதனால நோய் இருக்கிறதே தெரியாது" என்றார். பிறகு, "காலுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கலாம்னு ஜப்பான்ல எழுதியிருக்காங்க, தெரியுமா?" என்று கேட்டார்.

அந்தக் கட்டுரையைத் தேடிப் படித்தேன். டோக்கியோ மருத்துவ, பல் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் டகேஹிசா இவாய் தலைமையிலான குழு 2005ல் வெளியிட்டது. பர்ஜர் நோயாளிகள் 14 பேரின் அடைபட்ட தமனித் துண்டுகளை எடுத்து, பிசிஆர் முறையில் வாய்க்கிருமிகளின் மரபணுவைத் தேடினார்கள். 13 பேரின் தமனியில் கிடைத்தது. பெரும்பாலும் டிரெபோனீமா டென்டிகோலா என்ற சுருள் வடிவக் கிருமி. ஆழமான ஈறு நோயில் குடியிருப்பது. ஒப்பிட எடுத்த, நோயில்லாத குழாய்களில் எதுவும் இல்லை. ஈறு வழியே ரத்தத்தில் இறங்கும் கிருமியைத் தட்டணுக்கள் சுமந்துபோய்ச் சிறு குழாய்களில் கட்டி உண்டாக்கலாம் என்பது அவர்களின் கருத்து.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கிருமிதான் என்றால் மாத்திரை உண்டு. அண்ணனும் அதையேதான் கேட்டார். "பீடிய விட்டாச்சுல்லா, கிருமியக் கொல்லுத மாத்திரையவும் எழுதித் தரச் சொல்லேன், தங்கச்சி."

அந்த ஆசைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. அதே 2005ல்தான் வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் என்ற கிருமி என்று காட்டிய பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மனக்கவலையும் காரமும் தரும் நோய் என்று உலகமே நம்பியிருந்தபோது, மார்ஷல் 1984ல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தவர். இன்று சில நாள் ஆன்டிபயாட்டிக்கில் அந்தப் புண் ஆறுகிறது.

ஆனால் அதே 2005ல் இன்னொரு முடிவும் வந்தது. இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு கிளமிடியா நிமோனியே என்ற கிருமி காரணமாகலாம் என்று பின்லாந்தின் பெக்கா சைக்கு 1988ல் சொன்னார். அடைப்புகளுக்குள் அந்தக் கிருமியைக் கண்டுபிடிக்கவும் செய்தார்கள். அதை நம்பி அமெரிக்காவில் 4,012 இதய நோயாளிகளைச் சேர்த்து, பாதிப் பேருக்கு ஓராண்டு வாரந்தோறும் அசித்ரோமைசின் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. அடுத்த ஆண்டு டென்மார்க்கிலிருந்து வந்த முடிவு இன்னும் மோசம்: கிளாரித்ரோமைசின் எடுத்தவர்களிடையே இதய நோயால் இறந்தவர்கள் கூடுதலாக இருந்தார்கள்.

குழாய்க்குள் கிருமியின் தடயம் கிடைப்பது வேறு, அது நோயை உண்டாக்கியது என்பது வேறு. புகையிலை ஈறைக் கெடுக்கிறது. கெட்ட ஈறிலிருந்து கிருமி ரத்தத்தில் இறங்குகிறது. ஏற்கெனவே புண்பட்ட குழாயில் அது வெறுமனே தங்கியும் இருக்கலாம். ஜப்பானில் ஆராய்ந்தது 14 பேரைத்தான். ஒப்பிட எடுத்த குழாய்கள் அதிலும் குறைவு. ஈரானின் மஷ்ஹத் நகர ஆய்வாளர்கள் ரிக்கெட்சியா என்ற வேறொரு கிருமியின்மேல் சந்தேகப்படுகிறார்கள். இந்த நிலையில் மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் விழுங்குவது சிகிச்சை ஆகாது என்று அறுவை மருத்துவர் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். புண்ணில் சீழ் பிடித்தபோது அதற்குரிய மருந்தைச் சில நாள் கொடுத்தார், அவ்வளவுதான். அண்ணனிடம் சொன்னபோது அவர் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஈறைச் சுத்தம் செய்ய மட்டும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஸ்கேலிங் செய்து, ஆடிய பல்லை எடுத்தோம்.

இடுப்புப் பக்கத்தில் பரிவு நரம்பைத் துண்டிக்கும் அறுவையும் செய்தார்கள். நரம்பின் பிடி தளர்ந்தால் தோலின் சிறு குழாய்கள் விரியும், வலி குறையும், புண் ஆற வழி பிறக்கும். அடைப்பு அப்படியேதான் இருக்கும். 1949ல் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜுக்கு பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே இதே அறுவையை ஜேம்ஸ் லியர்மன்த் செய்தார். மன்னரும் ஓயாமல் புகைத்தவர். அண்ணனுக்கு எரிச்சல் குறைந்து, காலை நீட்டித் தூங்கினார். பெருவிரலை மட்டும் காப்பாற்ற முடியவில்லை.

விரலை எடுத்த அன்று அது எங்கே போகும் என்று நர்ஸிடம் கேட்டேன். மஞ்சள் நிறப் பையில் கட்டி எரிக்க அனுப்புவார்கள், விதி அதுதான் என்றார். அப்போது பர்ஜரின் 11 கால்கள் நினைவுக்கு வந்தன. இந்த நோயைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததெல்லாம் அப்படி வெட்டிய கால்களைக் கவனமாகப் பார்த்ததிலிருந்து தொடங்கியதுதான். மேற்கு ஐரோப்பாவில் கை கால் ரத்தக்குழாய் நோயாளிகளில் பர்ஜர் நோய் உள்ளவர்கள் 100க்கு 6 பேருக்கும் குறைவு. இந்தியாவில் 45 முதல் 63 பேர் என்று மருத்துவ நூல்களில் இருக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1947ல் லட்சத்துக்கு 104 ஆக இருந்த நோய், 1986ல் 13க்கும் கீழே இறங்கிவிட்டது. அவர்களுக்கு இனி இதைத் தேட அவசரம் இல்லை. நோயாளிகள் இங்கே, அவர்களின் கால்கள் இங்கே, எரிக்கப்படுவதும் இங்கேதான். இழப்பவர்கள் கூலிக்காரர்களும் ரிக்‌ஷாக்காரர்களும் என்பதால்தான் இந்தக் கேள்வி இப்படிக் கிடக்கிறது என்று நான் நினைக்கிறேன். இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஜப்பானியர்கள் பயன்படுத்திய பிசிஆர் இன்று நமக்கு எட்டாத கருவி அல்ல. கொரோனா காலத்தில் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கெல்லாம் வந்துவிட்டது. விரலோ காலோ எடுக்கும்போதே தமனியில் ஒரு சிறு துண்டைத் தனியே, சுத்தமாக எடுத்து வைக்க வேண்டும். அதே நோயாளியின் ஈறிலிருந்தும் ஒரு மாதிரி எடுக்க வேண்டும். ஒப்பிடுவதற்கு விபத்தில் கால் இழந்தவர்கள், சர்க்கரையால் இழந்தவர்கள், அவர்களிலும் புகைப்பவர்கள், புகைக்காதவர்கள் எல்லோரும் வேண்டும். இவர்களில் புகைப்பவர்கள் மிக முக்கியம். கிருமி எல்லாப் புகைப்பவர்களின் குழாயிலும் இருந்தால் அது வழிப்போக்கன். பர்ஜர் நோயாளிகளிடம் மட்டும் இருந்தால் மருந்துச் சோதனைக்கு நியாயம் பிறக்கும்.

இதையெல்லாம் எழுதி, ஜப்பானியக் கட்டுரையின் நகலையும் சேர்த்து அறுவை மருத்துவரிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

"நல்ல கேள்விதாம்மா. எத்திக்ஸ் கமிட்டியில வைக்கணும், பல் மருத்துவத் துறையும் சேரணும். அடுத்த பேட்ச் பி.ஜி. மாணவர் யார்கிட்டயாவது தீசிஸுக்குச் சொல்லிப் பாக்குறேன்" என்றார். இத்தனை காலம் யாரும் கேட்கவில்லையா என்றதற்கு, "கேக்க நேரம் எங்கம்மா, வார்டப் பாருங்க" என்று கட்டில்களைக் காட்டினார்.

அந்த மாணவருக்காகக் காத்திருக்கிறோம். ஈறு மாதிரி கொடுக்கத் தானே முதல் ஆள் என்று அண்ணன் சொல்லிவைத்திருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் போகிறார். பீடியைத் தொடுவதில்லை. வீட்டில் அம்மா சுற்றுவதையும் நிறுத்திவிட்டாள். அந்த வருமானத்துக்கு ஈடாக என்ன செய்வது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.