பார்வையில் கண்ட கடிதம்

வீடு கோட்டக்குப்பத்தில், மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். துபாயில் சம்பாதித்ததையெல்லாம் போட்டு வாங்கியவர் ஒரு துணிப்பையோடு என்னிடம் வந்தார். "ஏமாத்திட்டாங்க வக்கீல் சார். கடல் கிட்ட வந்துடுச்சு."

"வாங்கும்போதும் கடல் அங்கதானே இருந்துச்சு, பாய்?"

அவருக்குக் கோபம் வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கப்போவதும் அதுதான். விற்பவர் தமக்குத் தெரிந்த முக்கியக் குறையைச் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் விட்டாலே மோசடி என்கிறது 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு. ஆனால் அது, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் தென்படாத குறையாக இருக்க வேண்டும். 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டியதிலிருந்து, வடக்கே நகரும் மணல் அங்கேயே தங்கிவிடுகிறது. இந்தப் பக்கத்துக் கரை அரிக்கிறது. தந்திராயன்குப்பத்தில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். கடலை மறைத்து விற்றார் என்று யார் வழக்குப் போட முடியும்?

பையைக் கவிழ்த்தேன். 30 வருட வில்லங்கச் சான்று சுத்தம். பட்டா, மூலப்பத்திரம் எல்லாம் சரி. அடியில் மடித்த அரசுக் கடிதம் ஒன்று. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் அனுமதியில்லாமல் எழுப்பிய மாடியை ஏன் இடிக்கக்கூடாது என்று கேட்டிருந்தது. பழைய உரிமையாளர் பெயருக்கு வந்ததால் பாய் அதைப் பொருட்படுத்தவில்லை. என் கண் 'பார்வை' என்ற வரிக்குப் போனது. இதற்கு முன் அனுப்பிய கடிதத்தின் தேதி அங்கேதான் இருக்கும். கிரையத்துக்கு ஏழு மாதம் முந்தைய தேதி!

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு அந்த முந்தைய கடிதத்தின் நகலை வாங்கினோம். விற்றவர் கையெழுத்துப் போட்ட ஒப்புகை அட்டையின் நகலும் வந்தது. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும், இப்படிப்பட்ட நோட்டீஸ் ஏறாது. கடலை விட்டுவிட்டு, இந்தக் கடிதத்தை மட்டும் வைத்து திண்டிவனம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தோம்.

எனக்கு ஒரே பயம்தான் இருந்தது. குறுக்கு விசாரணையில் அதுவே வந்தது: "மாடிக்கு அனுமதி வரைபடம் கேட்டீர்களா?"

"கேட்டேன். பேங்க்ல இருக்கு, அப்புறம் தர்றேன்னாங்க."

அந்த ஒரு பதிலில் எனக்குப் பாதி மூச்சு வந்தது. மீதி, விற்றவர் கூண்டேறியபோது. அட்டையைக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்றேன். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி, "மாதிரி இருக்கு" என்றார்.

அடுத்த வாய்தாவிலேயே ராஜிப் பேச்சு. பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டவர், 7 சதவீத முத்திரைத் தீர்வையில் மட்டும் பிடிவாதமாக நின்றார். "அது கவர்மென்ட்டுக்குப் போச்சு, நான் ஏன் தரணும்?" வீட்டுக்காக நடந்த சண்டையைவிட இது காரமாக இருந்தது. கடைசியில் ஆளுக்குப் பாதி.

பாய் இப்போது ஊருக்குள்ளே வீடு பார்க்கிறார். தரகரிடம் முதலில் கேட்பது விலையை இல்லையாம்: "அந்த வீட்டுக்கு வந்த தபாலையெல்லாம் எடுத்துட்டு வரச் சொல்லுங்க."