மானந்தவாடி சாலையில் ஓர் அறிவிப்புப் பலகை

அட்டெண்டர் முதலில் பழைய குண்டூசிகளைப் பிடுங்கிச் சின்னத் தகர டப்பாவில் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் புதுத் தாள்களை எடுத்தார். ரத்ததான முகாம். பழைய மாணவர் கூடுகை. ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர் ஒருவர் காலமான செய்தி. கடைசித் தாளை மட்டும், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதடு அசைய வாசித்தார். பலகையின் நடுவில், கண் உயரத்தில் குத்தினார். லேசாகச் சாய்ந்திருந்தது, எடுத்துத் திரும்பக் குத்தினார்.

மைசூரு மானந்தவாடி சாலையில் இருக்கும் நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் இன்ஜினியரிங்கின் தாழ்வாரம் அது. ஊரார் வாயில் என்.ஐ.இ. உறவுக்காரப் பையனுக்குச் சான்றிதழ் வாங்கத் துணையாக வந்திருந்தேன். அவன் அலுவலகத்துக்குள் வரிசையில். நான் வெளியே பெஞ்சில்.

நடுவில் குத்திய தாள், கர்நாடக மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் செயல்திட்ட அறிவிப்பு. பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்திலிருந்து இயங்கும் அந்த மன்றம் 1977-லிருந்து இதை நடத்திவருகிறது. இறுதியாண்டு மாணவர்கள் தாங்கள் செய்ய நினைப்பதை எழுதி, வழிகாட்டும் ஆசிரியரின் ஒப்புதலோடு கல்லூரி வழியாக அனுப்பவேண்டும். தேர்வானால் பணம் வரும். பெரிய பணமில்லை. கருவி வாங்க, கிராமத்துக்குப் போய்வர உதவும்.

பையன்கள் நான்கு பேர் வந்தார்கள். ஒருவன் செல்போனை உயர்த்திப் பலகை முழுவதையும் ஒரே படமாக எடுத்தான். போய்விட்டார்கள். இரண்டு பேர் கூடுகை நடக்கும் தேதியைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். காலமான செய்தியின் முன்னால் ஒரு வயதான ஆசிரியர் வெகுநேரம் நின்றார்.

பிறகு அந்தப் பெண் வந்தாள். தோளில் பை, கையில் நோட்டு. நடுத்தாளை மேலிருந்து கீழே வரை படித்தாள். நோட்டைச் சுவரில் வைத்து எழுத ஆரம்பித்தாள். அட்டெண்டர் ஒன்றும் பேசாமல் வந்து, கடைசித் தேதி இருந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார். அவள் தலையாட்டிவிட்டு அதன் கீழே கோடு போட்டுக்கொண்டாள்.

அவள் போன் செய்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தமிழ்.

"அம்மா, அடுப்பு எத்தனை மணிக்குப் பத்த வெப்பே? தண்ணி கொதிக்க? ஒரு நாளைக்கு வெறகு எத்தனை கட்டு ஆவுது? இல்லம்மா, செரியாச் சொல்லு, எழுதணும்."

கொள்ளேகாலம் என்று பேச்சில் அடிபட்டது. இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கும் அந்தத் தாலுகா 1956 வரை நம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பட்டுக்குப் பேர்போன ஊர். அம்மா கூட்டிலிருந்து நூலெடுக்கிறவர் என்று விளங்கியது. பட்டுக்கூட்டைக் கொதிநீரில் போட்டால்தான் இழையை ஒட்டவைத்திருக்கும் பசை இளகும். இழையின் முனையைத் தேடிப் பிடித்து, பல கூடுகளின் இழைகளை ஒன்றாகச் சேர்த்துச் சுற்றவேண்டும். நல்ல கூடு ஒன்றில் ஒரு கிலோமீட்டர் வரைக்கும் இழை இருக்கும். முனையைப் பிடிப்பது விரல். அந்த விரல் நாளெல்லாம் சுடுதண்ணீருக்குள் போய்வரும்.

"கை எப்டிம்மா இருக்கு?"

பதிலைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு அதையும் எழுதிக்கொண்டாள்.

இந்தக் கல்லூரியைப் பற்றிப் பேசுகிறவர்கள், 1967-ல் இங்கே மின்பொறியியல் முடித்த இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தியைத்தான் முதலில் சொல்வார்கள். சொல்லட்டும், பெருமைதான். எனக்கு அன்று மனதில் ஓடியது இந்தச் சாலை. 1912-ல் மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் சுவிட்சர்லாந்திலிருந்து தறி தருவித்துத் தொடங்கிய பட்டு நெசவாலை இதே மானந்தவாடி சாலையில் இருக்கிறது. மைசூர்ப் பட்டுச் சேலை இன்றும் அங்கே நெய்யப்படுகிறது. மத்தியப் பட்டுவளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1961-லிருந்து இதே சாலையில், ஸ்ரீராம்புரத்தில். தமிழ்நாட்டு விவசாயிகள் நடுகிற வி-1 மல்பெரி அங்கே உருவான ரகம். இரண்டுக்கும் பக்கத்தில் 1946-ல் தொடங்கிய இந்தக் கல்லூரி. இலைக்கு ஆராய்ச்சி நடந்தது, புழுவுக்கு நடந்தது. கொதிநீரில் கைவைக்கிறவளின் அடுப்பும் அதே ஆராய்ச்சிக்கு உரியதுதான். அதை இந்தத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவர அந்த வீட்டிலிருந்தே ஒருத்தி படித்து வரவேண்டியிருந்தது.

ஓர் ஆசிரியை சாப்பாட்டுப் பையோடு வேகமாகப் போனார். "மேடம்" என்றாள். நின்றார். நோட்டை நீட்டினாள். நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தார். அடுப்பு, விறகு என்று விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டார்.

"தர்மாமீட்டர் இதெயா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

வீட்டில் இல்லை என்று தலையசைத்தாள்.

"லேபிந்த தகொண்டு ஹோகு. நாளெ பாம்மா."

ஆய்வகத்திலிருந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லி, நாளைக்கு வரவும் சொல்லிவிட்டார். பேசியது அரை நிமிடம்கூட இருக்காது. அந்தப் பெண் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். அட்டெண்டர் தகர டப்பாவை மூடி அலமாரிமேல் வைத்தார்.

உறவுக்காரப் பையன் சான்றிதழோடு வந்தான். போகலாம் என்றான். பலகையை ஒரு தடவை படித்துவிட்டு வா என்று அவனை அனுப்பினேன்.

தமிழ்நாட்டிலும் மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் செயல்திட்டங்களுக்கு நிதி தருகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை இறுதியாண்டில் இருந்தால், அந்த அறிவிப்பைப் பார்த்தாயா என்று இன்று ராத்திரி கேளுங்கள்.