பெட்டி கொடுத்துப் பெட்டி வாங்கினேன்

கல்யாணமாகி ஒரு குழந்தையும் பிறந்துவிட்டால், பாட்டை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிடுகிற பெண்கள் நம்மில் எத்தனை பேர்! நானும் அப்படித்தான் இருந்தேன். பிள்ளைக்கு எட்டு மாதம் ஆனபோது, கிடார் வாசிக்கிற என் தம்பி ஒரு லூப் பெடலைக் கொண்டுவந்து, "சும்மா கிடக்குதுக்கா, நீ பாடிப் பாரு" என்று வைத்துவிட்டுப் போனான்.

கையில் அடங்குகிற பெட்டிதான். ஒரு மிதி மிதித்தால் சிவப்பு விளக்கு எரியும், பாடுவது பதிவாகும். மறுபடி மிதித்தால் பச்சை விளக்கு. பாடியதையே ஓயாமல் திருப்பித் திருப்பிப் பாடும். ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் நீளமாகப் பிடித்துப் பதிந்து, அதையே சுருதியாக வைத்துக்கொண்டு வர்ணம் பாடுவேன்.

சிசேரியன் ஆன உடம்பு. டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தேன். முதலில் 5 விநாடிகூட மூச்சு நிற்கவில்லை. இரண்டு மாதத்தில் 12 விநாடி வந்தது. அந்தச் சந்தோஷத்தை எந்த டானிக் கொடுக்கும்?

தொல்லையும் உண்டு. ஸட்ஜம் கொஞ்சம் இறங்கிப் பதிந்துவிட்டால் அன்றைய பாட்டு முழுக்க இறங்கியே இருக்கும். மைக்கை நேரே அதில் சொருக முடியாது. நடுவே ஒரு மிக்சர், ஸ்பீக்கர், வயர்கள். தவழுகிற பிள்ளை வயரைக் கண்டால் விடுவானா?

எதிர் வீட்டுப் பெண் கீபோர்டு வாசிக்கிறவள். "எனக்கு அதைக் குடுங்கக்கா, என்னோட எலெக்ட்ரானிக் தம்புராவை எடுத்துக்கோங்க" என்றாள். 1979இல் பெங்களூரில் ஜி. ராஜ்நாராயண் உருவாக்கினாரே, அந்த வகை. கட்டையைத் திருகி வைத்தால் நாலு தந்தியையும் மீட்டுவதுபோல் ஒலித்துக்கொண்டே இருக்கும். மத்யம சுருதி வேண்டுமானால் பஞ்சமத்தை மத்யமமாக மாற்றிக்கொள்ளலாம். ஒரே ஒரு வயர்தான்.

எனக்கு மனசு வரவில்லை. என் மூச்சு வளர்ந்ததை எனக்கே காட்டிய பெட்டியாயிற்றே! "உன் இஷ்டம். ஆனா தம்பியை ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்றார் அவர். தம்பியோ, "உனக்கு எது வசதியோ அதைச் செய்க்கா" என்று சொல்லிவிட்டான். ஒரு வாரம் இப்படியும் அப்படியுமாக ஓடியது.

ஒரு நாள் மத்தியானம் தாலாட்டைப் பதிந்து ஓடவிட்டு, குக்கர் வைக்க உள்ளே போனேன். முன்பும் அப்படிச் செய்திருக்கிறேன். குரல் கேட்டால் பிள்ளை அழமாட்டான், கை வேலை முடியும். அன்று திரும்பி வந்து பார்த்தால், ஸ்பீக்கரை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருக்கிறான். பிறகு அதன் பின்பக்கம் எட்டிப் பார்த்தான். அம்மாவைத் தேடுகிறான்! நிமிர்ந்து என்னைப் பார்த்தான், திரும்ப ஸ்பீக்கரைப் பார்த்தான், உதடு பிதுங்கி ஒரே அழுகை. பெட்டி பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருந்தது. ஓடிப்போய் நிறுத்தினேன்.

பெட்டிமேல் குற்றமில்லை. பாடுகிற வேலையையும் அதனிடம் தள்ளிவிட்டவள் நான். வைத்திருந்தால் நாளைக்கும் தள்ளுவேன், என்னை எனக்குத் தெரியாதா?

அன்று சாயங்காலமே மாற்றிக்கொண்டேன். எதிர் வீட்டுப் பெண்ணுக்கு நல்ல லாபம். கீபோர்டு வயரை நேரே அதில் சொருகி வெளுத்து வாங்குகிறாள்.

இப்போது தம்புராவை உயரமான ஸ்டூலில் வைத்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பாடுகிறேன். மூச்சை அளக்கச் சுவர்க் கடிகாரம் இருக்கிறது. நேற்று 14 விநாடி! அவன் என் தொண்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான். குக்கர் மட்டும் கொஞ்சம் தாமதமாகத்தான் ஏறுகிறது. ஏறட்டுமே!