சாளை மட்டும்

செவலை என்னைக் கீறியபோது நான் அவளை அடித்தேன். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

எட்டு மாதமாக மடியிலேயே கிடந்த பூனை. திடீரென்று தூக்கினால் அலறினாள், தொட்டால் பல்லைக் காட்டினாள். திமிர் என்று நினைத்து முதுகில் ஓங்கி அடித்தேன். அவளுக்கு வலித்துக்கொண்டிருந்த இடமே அதுதான்.

நாகர்கோவிலில் சாளை மலிவாகக் கிடைக்கும்போது மூன்று கிலோ வாங்கி, அவித்து, டப்பா டப்பாவாக ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். காலையும் மாலையும் அதுதான். வேறு தீனி பழக்க எனக்குச் சோம்பல். அடியில் கிடக்கும் டப்பாக்களில் சிக்கு வாடை அடிக்கும். பூனைக்குத்தானே என்று அதையும் போட்டேன்.

காய்ச்சல் கண்டதும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். "என்ன சாப்பாடு போடுறீங்க?" என்று கேட்டார்.

"எல்லாம் குடுப்பேன் சார். கோழி, முட்டை, கடைத் தீனி."

பொய். நன்றாக வளர்க்கிறவன் என்று அவர் நினைக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் நம்பினார், கிருமித் தொற்றுக்கு ஊசி போட்டார். ஒன்பது நாள் அப்படிப் போயிற்று.

அடிவயிற்றில் தோலுக்குள் கட்டிகட்டியாகத் தட்டுப்பட்ட பிறகு, சிறு துண்டு வெட்டிப் பார்த்தார். கொழுப்பு மஞ்சள் அரைத்துப் பூசியதுபோல் இருந்தது. அப்போதுதான் உண்மையைச் சொன்னேன்.

சாளையின் கொழுப்பு காற்றுப்பட்டால் சீக்கிரம் கெடுகிற வகை. பூனையின் உடம்பில் அது சேரும்போது கெடாமல் காப்பது வைட்டமின் இ. மீனே கதியென்றால் அந்த வைட்டமின் செலவாகித் தீர்ந்துவிடும். சிக்குப் பிடித்த மீனில் அது இன்னும் குறைவு. பிறகு உயிரோடு இருக்கிற உடம்புக்குள்ளேயே கொழுப்பு சிக்குப் பிடிக்கிறது. சிராய்டு என்ற மஞ்சள் நிறமி படிகிறது, அதைச் சுற்றி வெள்ளணுக்கள் குவிகின்றன, கொழுப்பு வீங்கி இறுகுகிறது. தொட்டாலே உயிர் போகும். டூனா தின்று வளர்ந்த பூனைகளிடம் 1950களிலேயே கண்டறிந்த நோய் இது. நான் வீண்செலவு என்று ஒதுக்கிய கடைத் தீனியில் வைட்டமின் இ சேர்ப்பதும் இதற்காகத்தான்.

மீனை நிறுத்தி, வைட்டமின் இ கொடுத்து, வீக்கத்துக்கும் மருந்து கொடுத்தார். செவலை வாயே திறக்கவில்லை. நாலாம் நாள் விடியுமுன் போய்விட்டாள்.

ஃப்ரீசரில் இரண்டு டப்பா மிச்சம் இருந்தது. "டாக்டர்கிட்ட முதல்லயே எல்லாம் சொன்னீங்கதானே?" என்று என் மனைவி கேட்டாள். "சொன்னேன்" என்றேன். அவள் இதைப் படிப்பாள்.